நலமாக இருக்கும் பூனையை எங்கே கொண்டு வருவது? கால்நடை மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் நகரக் கால்நடை மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவருக்கும், அதற்கு மேலுள்ள அலுவலர்களுக்கும்,

ஓ.பி. சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் புது அறிவிப்பைப் பற்றியது இந்தக் கடிதம். பூனைகளுக்கு இனி 3 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் முகாமில் மட்டும் ஊசி. அன்றைக்கும் வெறிநாய்க்கடி ஊசி மட்டும். மற்ற நாட்களில் நோயுள்ள பூனைகளைத் தவிர வேறு எதையும் தூக்கி வர வேண்டாம். மொத்தம் மூன்று வரிதான். ஆனால் பூனை வளர்ப்பவர்களாகவும் தெருப் பூனைகளுக்குச் சோறு வைப்பவர்களாகவும் இந்த மூன்று வரியை எங்களால் ஏற்க முடியவில்லை. காரணங்களை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் அந்த 3 மாதக் கணக்கு. குட்டி பிறந்ததும் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தி அதன் உடம்பில் இறங்குகிறது. அது இருக்கும்வரை குட்டிக்குக் காவல். ஆனால் நாம் போடும் தடுப்பூசியையும் அதே சக்தி அடித்துப் போட்டுவிடும். சில குட்டிகளுக்கு அது 8 வாரத்தில் தீர்ந்துவிடுகிறது, சிலவற்றுக்கு 16 வாரம் வரையிலும் அதைத் தாண்டியும் நிற்கிறது. எந்தக் குட்டிக்கு எப்போது தீரும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நிறைய ஊசி போட வேண்டும் என்ற ஆசையில் எழுதிய அட்டவணை அல்ல இது. காவல் தீரும் வாரம் தெரியாததால், தீருகிற வாரம் எதுவானாலும் அதன் பக்கத்தில் ஓர் ஊசி இருக்கட்டும் என்ற கணக்கு.

இப்போது உங்கள் முகாமை இதன் மேல் வைத்துப் பாருங்கள். முகாம் நாளில் 8 வாரக் குட்டி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முகாமில் அதற்கு 21 வாரம். தாயின் சக்தி தேய்ந்து போகும் காலம் முழுக்க இரண்டு முகாம்களுக்கு நடுவில் விழுந்துவிடுகிறது. 5 வாரக் குட்டி வந்தால் வயது போதாது என்று திருப்பி அனுப்புவீர்கள், சரியான முடிவுதான். ஆனால் அடுத்த வாய்ப்பு வரும்போது அதற்கு 18 வாரம் ஆகியிருக்கும், அதுவரை உயிரோடு இருந்தால். இதுவரை ஊசியே போடாத வளர்ந்த பூனைக்கும் முதல் இரண்டு ஊசிகளுக்கு நடுவே 2 முதல் 4 வாரம்தான் இடைவெளி. அதுவும் முகாமுக்குப் பொருந்தாது. 3 மாதம் என்பது மாட்டுக்கும் ஆட்டுக்கும் முகாம் போட்டுப் பழகிய கை எழுதிய எண்ணாகத்தான் எங்களுக்குப் படுகிறது.

இரண்டாவது, வெறிநாய்க்கடி ஊசி மட்டும் என்ற வரி. அந்த ஊசி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 12 வாரம் ஆனதும் ஒன்று, ஓராண்டு கழித்து ஒன்று, பிறகு ஆண்டுதோறும் கட்டாயம் போட வேண்டியதுதான். சொல்லப்போனால் அந்தப் பெயரே பாதிக் கெடுதல் செய்கிறது. வெறிநாய்க்கடி என்று எழுதியிருப்பதைப் படிக்கிறவர், பூனைக்கு அது எதற்கு என்று கேட்டுவிட்டுப் போகிறார். ரேபிஸ் பூனைக்கும் வரும், பூனை கடித்தும் பிறாண்டியும் மனிதருக்கும் வரும் என்று பலகையில் ஒரு வரி சேருங்கள். ஊசி போடாத பூனை கடித்தால், சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, 0, 3, 7, 28 என்று நான்கு நாட்கள் ஊசிக்காக அரசு ஆஸ்பத்திரி வாசலில் மனிதர் நிற்க வேண்டும். ரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற உடனடி எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும். பூனைக்குப் போடும் ஒரு ஊசியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் வீட்டுப் பூனைக் குட்டிகளைக் கொத்தாகக் கொண்டுபோவது ரேபிஸ் அல்ல, பான்லூக்கோபீனியா. பூனை வளர்ப்பவர்கள் பூனை பார்வோ என்று சொல்வது இதைத்தான். முதல் நாள் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகும். பிறகு மஞ்சளாக வாந்தி. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும், குடிக்காது. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்துபோகும். சின்னக் குட்டியாக இருந்தால் பேதி தொடங்குவதற்கு முன்பே ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். காலையில் பார்க்கிறவர்கள் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போவார்கள். இந்த வைரஸுக்கென்று மருந்து கிடையாது. டிரிப்ஸ், வாந்தி நிறுத்தும் ஊசி, ஆன்டிபயாட்டிக் என்று நாள்கணக்கில் போராடினாலும் பல குட்டிகள் நிற்பதில்லை. இதையும், கேட் ஃப்ளூ என்று சொல்லும் ஹெர்பிஸ், காலிசி இரண்டையும் சேர்த்துத் தடுப்பதுதான் மூன்று-ஒன்று ஊசி. அது உங்கள் பட்டியலிலேயே இல்லை. வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வது சுலபம். வாங்கி வந்தாலும் போட மாட்டோம் என்பதுதான் அறிவிப்பின் பொருள்.

வெளியில் வாங்குவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய சரக்கு. மருந்துக் கடையில் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்து, வெயிலில் வண்டியின் முன்கூடையில் வைத்து எடுத்து வந்தால், வந்து சேர்வது தண்ணீருக்குச் சமம். அதற்காக ஐஸ் கட்டிக்கு நடுவே புதைத்துக் கொண்டுவந்தாலும் ஆபத்து உண்டு. ரேபிஸ் ஊசி உறைந்தால் கெட்டுவிடும், பார்ப்பதற்கு ஒரு மாற்றமும் தெரியாது. கடந்த முகாமில் நாங்கள் பார்த்தது இது: ஐஸ் பெட்டியின் மூடி முழு நேரமும் திறந்தே கிடந்தது, உள்ளே வெப்பமானி இல்லை, குப்பிகள் ஐஸ் பாக்கெட்டை ஒட்டியே சாய்ந்திருந்தன. நடுவில் ஒரு அட்டையோ துணியோ வைத்திருந்தால் போதும். செலவு பூஜ்யம்.

குப்பியைத் திறந்த பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறோம். மூன்று-ஒன்று ஊசி இரண்டு சிறு குப்பிகளாக வரும். ஒன்றில் அடியில் ஒட்டிய வெள்ளை வில்லை, இன்னொன்றில் கரைக்கும் நீர். கரைத்த பிறகு அரை மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் உள்ளே இருப்பது பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ். காலையில் பத்தைக் கரைத்து வரிசையாக வைப்பது வசதியாக இருக்கும், வேலை செய்யாது. குட்டி சின்னதாக இருக்கிறதே என்று ஒரு குப்பியை இரண்டு குட்டிகளுக்குப் பங்கு போடுவதும் கூடாது. மாத்திரையைப் போல எடைக்கு எடை குறைக்கிற மருந்தல்ல தடுப்பூசி. எதிர்ப்பைத் தூண்ட இத்தனை வைரஸ் வேண்டும் என்பது 600 கிராம் குட்டிக்கும் 5 கிலோ கடுவனுக்கும் ஒன்றுதான். சினையாக இருக்கும் பூனைக்கும், 4 வாரம் ஆகாத குட்டிக்கும் இந்த உயிருள்ள ஊசியைப் போடக் கூடாது. போட்டால் குட்டியின் சிறுமூளை வளராமல் நின்று, நடக்கும்போது ஆடி ஆடி விழும். ஆகவே ஊசிக்கு முன் வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடமாவது வேண்டும். முகாம் கூட்டத்தில் அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை.

ஊசி போடும் இடமும் முக்கியம். இப்போது எல்லாப் பூனைக்கும் பிடரியில்தான் குத்துகிறீர்கள். பூனைகளில் மிகச் சிலவற்றுக்கு ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வரும். பிடரியில் வந்தால் வெட்டி எடுக்க இடமே இல்லை. காலின் கீழ்ப் பகுதியில் வந்தால் காலை எடுத்து உயிரைக் காப்பாற்றலாம். அதனால் வலது பின்காலில் முழங்காலுக்குக் கீழே ரேபிஸ் ஊசி, வலது முன்காலில் முழங்கைக்குக் கீழே மூன்று-ஒன்று என்று பிரித்துப் போடும் வழக்கம் வந்து பல வருடம் ஆகிறது. எந்த ஊசி எந்தக் காலில் என்று அட்டையில் எழுத வேண்டும். போட்ட இடத்தில் வந்த கட்டி 3 மாதம் கழித்தும் இருந்தாலோ, 2 செ.மீ.யைத் தாண்டினாலோ, 1 மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டிருந்தாலோ சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். அட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. பூனைக்காரர்களுக்கு நீங்கள் கொடுப்பது அல்சேஷன் படம் போட்ட அட்டை. டிஸ்டெம்பர், லெப்டோ என்ற நாய் ஊசிக் கட்டங்களுக்கு மேல் கோடு போட்டுவிட்டு ஓரத்தில் "கேட்" என்று எழுதித் தருகிறீர்கள். பேட்ச் எண் எழுத இடமில்லை.

அடுத்து முகாம் நாளின் கூட்டம். கட்டைப்பையிலும், வாய் கட்டிய அரிசிச் சாக்கிலும், பழைய கோழிக் கூடையிலும் வந்த பூனைகள், சங்கிலியில் இழுபடும் நாய்களுக்கு நடுவே தரையில் இரண்டு மணி நேரம். பயந்த பூனையின் இதயத் துடிப்பும் ரத்தச் சர்க்கரையும் ஏறிக்கிடக்கும், அப்போது எதைச் சோதித்தாலும் தப்பான எண்தான் கிடைக்கும். ஹெர்பிஸ் ஒருமுறை தொற்றிய பூனை, கண்ணும் மூக்கும் சரியான பிறகும் அந்த வைரஸை உடம்பில் வைத்துக்கொண்டே இருக்கும். இப்படி ஒரு பயம் கிளம்பினால் ஒரு வாரம் கழித்து மறுபடி தும்மலும் கண் பீளையும் வரும், அப்போது மற்றதற்கும் பரப்பும். ஊசியால்தான் வந்தது என்று வீட்டில் நினைத்து அடுத்த ஊசிக்கு வர மாட்டார்கள். பூனைப் பெட்டியைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்தில் ஒரு பெஞ்சில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தினாலே பாதி அடங்கும்.

வந்த பூனைகளில் ஒன்று பான்லூக்கோபீனியாவோடு வந்திருந்தால், அது நின்ற ஸ்டீல் மேசை அன்று முழுக்க எல்லாருக்கும் பொது. இந்த வைரஸ் ஓர் அறைக்குள் ஓராண்டு வரை உயிரோடு கிடக்கும். ஸ்பிரிட்டால் சாகாது, பினாயிலால் சாகாது. பினாயில் செய்வது ஒன்றுதான்: பீனால் வகைகளைப் பிரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு, ஆகவே பாதத்தில் ஒட்டியதை நக்கிய பூனைக்கு அது விஷம். இதற்கு வேண்டியது பிளீச்சிங். முதலில் சோப்பு போட்டு அழுக்கை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் மலமும் வாந்தியும் குளோரினைத் தின்றுவிடும். பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 5 சதவீத ஹைப்போகுளோரைட் 30 மில்லி, அல்லது புதிதாகப் பிரித்த பிளீச்சிங் பவுடர் 6 கிராம் கலந்து தெளிந்த நீர். மேசை 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும், அதன் பிறகு நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். கலவையை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நேற்றுக் கலந்தது வெறும் வாடைதான்.

பூச்சி மருந்துக்கு வருவோம். தாய்ப்பால் வழியாகவே உருண்டைப் புழு குட்டிக்குப் போய்விடும். 3 வாரத்தில் தொடங்கி, பால் மறந்து 2 வாரம் ஆகும்வரை 2 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, வளர்ந்த பூனைக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான வரிசை. மலத்தருகே காய்ந்த அரிசி மணி போல ஒட்டிக்கிடப்பது நாடாப்புழுவின் துண்டு. அது தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. அதற்கு பிராசிகுவான்டெல், கிலோவுக்கு 5 மி.கி. தெள்ளை ஒழிக்காமல் அதை மட்டும் கொடுத்தால் அடுத்த மாதம் அதே அரிசி மணி. இங்கே குறை என்னவென்றால் எடை. கன்றுக்குட்டி ஏறும் தராசில் 450 கிராம் குட்டியை நிறுத்தினால் முள் அசைவதில்லை. கண் மதிப்பில் ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கிறார்கள். சமையலறைத் தராசு ஒன்று, மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பா, இவ்வளவுதான் தேவை. அந்த எடையை ஒவ்வொரு வருகையிலும் அட்டையில் எழுதினால் பெரிய பூனைகளுக்கும் பயன்படும். 7 வயதுக்கு மேல் 4 கிலோ பூனை 3.6 ஆவதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. சிறுநீரகம் பழுதாவதன் முதல் சைகை பல நேரம் அதுதான்.

உண்ணிக்கும் தெள்ளுக்கும் நாய்க்கு எழுதுவதையே பூனைக்கும் எழுதிக் கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டும். பெர்மெத்ரின் கலந்த நாய்ச் சொட்டு மருந்து பூனைக்கு வலிப்பை வரவழைத்துக் கொல்லும். மாட்டுக் கொட்டகையில் அடிக்கும் டெல்டாமெத்ரின் அதே இனம். அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தும் வேண்டாம். அதோடு, காய்ச்சல் என்று வீட்டிலேயே பாராசிட்டமால் கொடுத்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். 500 மி.கி. மாத்திரை ஒன்று பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு திணறும். இந்த இரண்டு எச்சரிக்கையும் உங்கள் சுவரில் எங்கும் இல்லை. செயற்கைக் கருவூட்டல் விளம்பரம் நான்கு இருக்கிறது.

கருத்தடையைப் பற்றி அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. நாய்க்கு நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள், பூனைக்கு இல்லை. பெட்டைப் பூனை 4 மாதத்திலேயே சினை பிடிக்கும், 63 முதல் 65 நாளில் ஈனும், நம் ஊர் வெயிலில் ஆண்டு முழுக்க இனச்சேர்க்கைச் சுற்று வரும். 5 மாதம் ஆவதற்குள் அறுவை முடிந்துவிட வேண்டும். 6 மாதத்துக்கு முன் செய்துவிட்டால் மார்புப் புற்றும் வெகுவாகக் குறையும். அறுவைக்கு நாள் கிடைக்காதவர்கள் கத்தலைத் தாங்காமல் ஹார்மோன் ஊசிக்கும் மாத்திரைக்கும் போகிறார்கள். கர்ப்பப்பையில் சீழ் பிடித்தும் மார்பு வீங்கியும் அதே பூனை பிறகு உங்களிடமே நோயுள்ள பூனையாக வருகிறது. நாய்க்குச் சொல்வது போல முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போடச் சொல்லாதீர்கள். 4 மாதக் குட்டிக்கு 3, 4 மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் சர்க்கரை இறங்கி, மயக்க மருந்திலிருந்து எழுவதே சிரமமாகும்.

நோயுள்ள பூனையை மட்டும் கொண்டு வாருங்கள் என்பதில் இன்னொரு பிழை இருக்கிறது. பூனை நோயைக் காட்டாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத குண்டுப் பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். சிறுநீர் அடைத்த கடுவன் மணல் தட்டுக்கும் மூலைக்கும் மாறி மாறிப் போய் முக்குவதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். 24 மணி நேரம் கடந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறத் தொடங்கும், சிகிச்சை இல்லாமல் 48-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வெறும் மீன் சோறு போட்டு வளர்த்தால் டாரின் என்ற சத்து போதாமல் இதயம் தளர்ந்து கண்ணும் மங்கும், வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும். பச்சை மீனிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வேறு பி1 சத்தை அழிக்கும். இவற்றை நோய் வந்த அன்று சொல்லிப் பயனில்லை, நலமாக இருக்கும் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தவரிடம்தான் சொல்ல முடியும்.

ஒரே மருத்துவர், ஒரே உதவியாளர், வாசலில் ஆடு மாடு வரிசை என்பது எங்களுக்குத் தெரியும். பால் கறக்கும் மாட்டுக்கு முன்னால் பூனையை நிறுத்தச் சொல்லவில்லை. பூனைக்குப் பணம் எங்கே என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. மூன்று-ஒன்று ஊசியின் விலையைக் கொடுக்க நாங்கள் தயார். நாங்கள் கேட்பது உங்கள் குளிர்பெட்டியையும் உங்கள் கையையும்.

எனவே கேட்கிறோம்:

அறிவிப்பைத் திரும்பப் பெற்று, வாரத்தில் ஒரு பிற்பகல் 2 மணி நேரத்தைப் பூனைகளுக்கென்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் நாய்கள் வேண்டாம். நேரம் குறித்து டோக்கன் கொடுங்கள். வாந்தி, பேதி, தும்மலோடு வருவதைக் கடைசியில், வேறு மேசையில் பாருங்கள்.

மூன்று-ஒன்று ஊசியை மருத்துவமனையே வாங்கி, 2 முதல் 8 டிகிரியில் வைத்து, அடக்க விலைக்குப் போடுங்கள். குளிர்பெட்டியில் வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, காலை மாலை அளவை ஒரு நோட்டில் எழுதி, அதை எவரும் பார்க்கும்படி வையுங்கள்.

பூனைக்கென்று தனி அட்டை அச்சிடுங்கள். ஊசியின் பெயர், பேட்ச் எண், எந்தக் கால், அன்றைய எடை, அடுத்த தேதி என்று ஐந்து கட்டம் போதும். அச்சுச் செலவு எங்களுடையது. சமையலறைத் தராசும் நாங்களே வாங்கித் தருகிறோம், ரசீதோடு பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மாதத்தில் இரண்டு நாட்களைப் பூனைக் கருத்தடைக்கு ஒதுக்குங்கள். தெருப் பூனைக்கு இடது காது நுனியைக் கத்தரித்து விடுங்கள், அதே பூனையை மறுபடி பிடித்து வயிற்றைத் திறக்கும் வேலை மிச்சம்.

பூனை மேசைக்குப் பினாயிலை நிறுத்திப் பிளீச்சிங்கைக் கொண்டு வாருங்கள். பெர்மெத்ரின், பாராசிட்டமால் எச்சரிக்கையையும், பூனைக்கும் ரேபிஸ் வரும் என்ற வரியையும் ஓ.பி. ஜன்னலுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

இவற்றில் எதைச் செய்ய முடியும், எதை முடியாது, முடியாததற்குக் காரணம் என்ன என்று 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். முடிவு மேலிடத்தில் என்றால், எந்த அலுவலர் என்பதையும் அந்தப் பதிலிலேயே எழுதுங்கள். இந்த வாரம் 8 வாரம் ஆகும் குட்டிகளுக்கு அடுத்த ஊசி 4 வாரத்துக்குள் போட்டாக வேண்டும்.

இப்படிக்கு,
நகரப் பூனை வளர்ப்போரும் தெருப் பூனைகளைப் பராமரிப்போரும்